வடக்கு ஜன்னல் அறை

ஓவியர் தணிகாசலம் படம் வரைவதற்கென்றே மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினார். அதுவரை சமையலறை மேசையில் கிடந்த தூரிகையைக் கழுவி, அங்கே ஒரு பீங்கான் ஜாடியில் நிறுத்தினார். பக்கத்தில் புதிய தேக்கு ஸ்டாண்டு ஒன்று, வெள்ளைக் கேன்வாஸைத் தாங்கியபடி நின்றது.

“வடக்குப் பார்த்த ஜன்னல். நாளெல்லாம் வெளிச்சம் ஒரே சீராக வரும். நீ இத்தனை காலம் எங்கே குப்பை கொட்டினாய்?” என்றது ஸ்டாண்டு.

“தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில்,” என்றது தூரிகை. “அவசரத்தில் என்னைக் காபி டம்ளரில் முக்கிவிடுவார். ஆனால் தினமும் எதிலாவது முக்குவார்.”

ஸ்டாண்டு முகம் சுளித்தது. “படைப்புக்கு முதலில் சூழல் வேண்டும். அதைத்தான் அவர் இப்போது உருவாக்குகிறார்.”

சூழல் மளமளவென்று உருவானது. மூங்கில் திரை வந்தது, பிரம்பு நாற்காலி வந்தது. நண்பர்கள் வந்து, “இப்படி ஓர் இடம் இருந்தால் நாங்களும் வரைவோம்” என்று பெருமூச்சு விட்டார்கள். தணிகாசலம் கேன்வாஸ் முன்னால் கைகட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கேன்வாஸ் வெள்ளையாகவே இருந்தது. தூரிகை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காய்ந்து கிடந்தது.

ஒரு நாள் காலை அவர் ஓடிவந்து தூரிகையைக் கையில் எடுத்தார். தூரிகைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பத்திரிகைக்காரர்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னல் இடுக்கில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் பரபரவென்று தட்டிவிட்டு, அதை மறுபடி ஜாடியில் செருகினார்.

“பார்த்தாயா, உனக்கும் இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது,” என்றது ஸ்டாண்டு.