இடது முழங்கால்

"இடது முழங்கால்னு சொல்லுங்க, சயா. பந்து ஆடுறவனுக்கு முழங்கால் போறது சகஜந்தானே."

ரஹீமா மைதானத்து ஓரத்தில் வெறுங்காலோடு நின்றாள். சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

செல்லக்கண்ணு பந்துக்குக் காற்றடிப்பதை நிறுத்தவில்லை. பந்து எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள். அவள் மகன் ஆபித் நாளைக் காலையில் வார்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் செல்லக்கண்ணு அங்கே போய் ஒரு பொய் சொல்ல வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

யாங்கூனின் இந்தச் சின்னக் கல்லூரிக்கு முப்பது வருஷமாக அவர்தான் கால்பந்துப் பயிற்சியாளர்; பையன்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் 'சயா', பர்மியில் வாத்தியார். முழங்காலைப் பற்றி அவர் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

"டாக்டர் பாப்பாங்களேம்மா."

"டாக்டர்கிட்ட அனுப்புறதுக்கு முன்னாடி லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துட்டா ஆச்சு. எங்க தெருவுல ஒரு பையனுக்கு அப்படித்தான் எடுத்தாங்க."

மைதானத்தில் ஆளில்லை. பதினொரு பேர் சேர்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. எல்லையைத் தாண்டியவர்கள் போக மீதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. படிப்பு முடிந்த பிறகும் மாலையில் தவறாமல் வந்தவன் ஆபித் ஒருவன்தான்.

செல்லக்கண்ணு எந்தப் பையனையும் முகத்துக்கு நேரே பாராட்டியதில்லை. பாராட்டினால் கால் கனத்துவிடும் என்பார். மூன்று பேரைத் தாண்டி ஆபித் கோல் போட்ட அன்றுகூட, "பூட்ஸைக் கழுவி வை" என்றுதான் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு குழாயடிக்குப் போனான்.

வாயில் அடக்கி வைத்ததையெல்லாம் அவர் டீக்கடையில்தான் இறக்கி வைப்பார். பேச ஆரம்பித்துவிட்டால் பக்கத்து முக்காலியில் இருப்பது யார் என்று பார்க்க மாட்டார்.

போன வாரம் பார்த்தார். பேசி முடித்த பிறகு.

ரஹீமாவுக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அவள் குரலில் கோபமே இல்லை.

"இவனை மாதிரி ஓடுறவன் இந்த ஊர்லயே இல்ல, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லன்னு டீக்கடையில ஒங்க சயாவே சொன்னாருடான்னு வார்டு ஆபீஸ்காரர் அவன்கிட்ட சொன்னாராம். வீட்டுக்கு வந்து சிரிக்கிறான், சயா. பட்டாளத்த மறந்துட்டான். சயா என்னையவா அப்படிச் சொன்னாருன்னு திருப்பித் திருப்பிக் கேக்குறான்."

செல்லக்கண்ணு பம்பைக் கீழே வைத்தார்.

ரஹீமா செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"அத நம்புனவங்க இதையும் நம்புவாங்க. வாங்க, சயா."