மாலுமியின் வலது கால்

“குண்டு பட்டது வலது கால்ல. நீங்க நொண்டுறது இடது கால்ல!”

“நிஜமா வலிக்கிறது இடது கால்தானே, டீச்சர்?”

“உங்களுக்கு எந்தக் கால் வேணா வலிக்கட்டும். மாலுமிக்கு வலது கால்தான் வலிக்கணும். நாலாவது படத்துலேர்ந்து அப்படித்தான்.”

மேக்கப் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாலுமி திருதிருவென்று விழித்தார். ஏழாவது படமாக அவர்தான் மாலுமி. கப்பலேறிப் புதையல் தேடும் அந்த வீரனுக்கு எல்லாப் படங்களிலும் வயது முப்பத்தைந்து. நடிப்பவருக்கு மட்டும் வயது ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து, இப்போது அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும், ஒரு படத்தில் இருந்தது அடுத்த படத்திலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கண்டினியூட்டி வேலை அவளுக்கு. தப்புக் கண்டுபிடித்தே வாங்கிய பட்டம் அது. அவளுடைய ஒற்றை ஆள் வீட்டில்கூட, காலண்டர் கொஞ்சம் கோணலாகத் தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளால் சரிசெய்ய முடியாதது வயது ஒன்றுதான். முதல் படத்தில் மாலுமி கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றிய கைக்குழந்தை, இந்தப் படத்தில் கொள்ளைக்காரனாக வளர்ந்து அவரையே துரத்துகிறான். அவனுக்கும் முப்பத்தைந்து, இவருக்கும் முப்பத்தைந்து. கேட்டால், “எல்லாம் கடல் காத்து, டீச்சர்” என்று கதாசிரியர் கண்ணடிப்பார்.

“சிரிக்காதீங்க,” என்று மாலுமியை அதட்டினாள். “காலையில தயாரிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் ஒரே ஒரு தப்பு நடந்தா, அடுத்த படத்துக்கு ஜிம்முக்குப் போற அந்தப் புது நடிகன்தான் மாலுமியாம். பெரியவருக்கு மறதி வந்துடுச்சுங்கிறார்.”

“யாரு பெரியவர்?”

“நீங்கதான்!”

“அடப்பாவமே! முப்பத்தஞ்சு வயசுல பெரியவரா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தயாரிப்பாளர் சொன்னது விளையாட்டில்லை. போன வாரம் திசைகாட்டி வேறு பாக்கெட்டுக்கு மாறியிருந்தது. அதற்கு முன்பு கழுத்துத் துணியின் முடிச்சு. ஒவ்வொரு முறையும் அவள்தான் குறுக்கே ஓடிப் போய்ச் சரிசெய்வாள். சில சமயம், “நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்று பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வாள். இவர் இல்லாத மாலுமி படத்தில் எதை எதோடு ஒட்டவைப்பது?

“வீட்டுல எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதவன், டீச்சர். எல்லாம் மறந்துபோகுது.”

“இன்னிக்கு மட்டும் மறக்காதீங்க. கடைசி ஷாட். தோல்பை இடது தோள்ல. வலது காலை இழுத்து நடக்கணும். அப்புறம் அந்தக் கேள்வி.”

அந்தக் கேள்வியைத் தெருவில் விளையாடும் குழந்தைகள்கூடச் சொல்லும். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் மாலுமி கதாநாயகியைப் பார்த்து, “என்கூட வர்றியா?” என்பார். பதில் வருவதற்குள் திரை இருண்டுவிடும். அடுத்த படத்தில் வேறு கதாநாயகி வந்து நிற்பாள். பழையவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது டீச்சருக்கே தெரியாது.

விளக்குகள் எரிந்தன. கப்பல் தட்டில் மாலுமி நடந்து வந்தார். தோல்பை வலது தோளில். இழுத்தது இடது கால்.

“கட்!” என்று இயக்குநர் கத்தினார்.

“என் தப்பு சார், என் தப்பு!” டீச்சர் மூச்சிரைக்க ஓடிப் போய்ப் பையைத் தோள் மாற்றி மாட்டினாள். அடுத்த டேக் அப்பழுக்கில்லாமல் முடிந்தது. என்ன பயன்? அதற்குள் தப்பைப் பார்த்துவிட்ட தயாரிப்பாளர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேக்கப் அறைக்குள் வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. “எல்லாம் போச்சு! நாளைக்கு அடம்பிடிக்காம என்னோட டாக்டர்கிட்ட வாங்க. மறதிக்கெல்லாம் இப்ப நல்ல மருந்து இருக்காம்.”

மாலுமி கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார். “முதல் படத்துல பை இடது தோள், சட்டையில மேல் பொத்தான் கிடையாது. ரெண்டாவதுல திசைகாட்டி வலது பாக்கெட். மூணாவது படம் முழுக்க மழை, நீங்க மஞ்சக் குடை பிடிச்சிருந்தீங்க. நாலாவதுல குண்டு. வலது கால்.”

சொல்லிக்கொண்டே எழுந்து, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினார். வலது காலும் நொண்டவில்லை, இடது காலும் நொண்டவில்லை.

டீச்சர் அவருடைய இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ... இத்தனை தப்பும்?”

“எல்லாம் சரியா இருந்தா நீங்க எதுக்கு என் பக்கத்துல வரப்போறீங்க? இன்னிக்குக் கடைசி ஷாட் வேற. பேராசைப்பட்டு ரெண்டு தப்பாப் பண்ணிட்டேன்.” புலியோடு கட்டிப் புரண்டவர், கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். “படம் போனா போகட்டும், டீச்சர். என்கூட வர்றீங்களா?”

பழக்கதோஷம். யோசிப்பதற்கு முன்பே அவள் வாய் திருத்திவிட்டது. “‘வர்றீங்களா’ இல்ல. ‘வர்றியா’ன்னுதான் வசனம்.”

“ஓ, சரி.” மாலுமி தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்கூட வர்றியா?”