நரைமுடி

"இன்னிக்கும் முடி சுத்திக்கிச்சு!"

இன்ஜினியர் அந்தக் குட்டி ரோபோவைத் தூக்கிக் காட்டினாள். கரப்பான்பூச்சியைப் பார்த்துச் செய்தது, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆறு காலில் நாலில் நரைமுடி.

"அந்தக்கா பெருக்குறாங்களா, கொட்டிட்டுப் போறாங்களா?" என்று சிரித்தான் கூட வேலை பார்ப்பவன்.

மற்ற அறைகளெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. இந்தச் சோதனை அறையில் மட்டும் தினம் முடி, நூல், மணல்.

"கேட்டா, 'பெருக்கிட்டேனே மேடம்'னு கூசாம சொல்றாங்க."

மூன்று மாதம் சிக்கெடுத்து அலுத்துப்போனாள். கடைசியில் முடி வழுக்கிக்கொண்டு போகும்படி ஒவ்வொரு காலிலும் சீப்புப் பல் போல ஒன்றை வைத்தாள். அதே கோபத்தில் புகார்க் கடிதமும் எழுதினாள். அடுத்து வரும் ரோபோப் போட்டி முடிந்ததும் மேலாளரிடம் கொடுத்தால், அக்காவுக்கு வேலை போய்விடும்.

போட்டியன்று, இடிபாடுகளுக்குள் புதைத்த ஒரு பொம்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். கிழிந்த மெத்தை, கந்தல், நூல், முடி. மற்றவர்களின் பூச்சிகள் நாலடி போய்ச் சிக்கிக்கொண்டன. இவளுடையது மட்டும் பொம்மையின் மார்பில் ஏறி நின்றது.

மீட்புப் படைத் தலைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதாம்மா எங்களுக்கு வேணும்."

"அக்காவோட சோம்பேறித்தனம் நம்மளக் காப்பாத்திடுச்சு!" என்றான் கூட வேலை பார்ப்பவன்.

சிரித்தபடியே திரும்பி வந்து சோதனை அறையைத் திறந்தாள்.

தரை ஈரமாக, பளபளவென்று இருந்தது. நடுவில் அக்கா குந்தியிருந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். தன் சீப்பில் உதிர்ந்த முடியையும் சாக்கு நூலையும் விதை தூவுவதுபோல் தூவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

பொட்டலம் முதுகுக்குப் பின்னால் போனது. "பெருக்கிட்டுத்தான் போட்டேன் மேடம்."

"எதுக்குக்கா?"

"இடிஞ்ச கட்டடத்துக்குள்ள ஆள் தேடப்போற பூச்சின்னீங்க. அங்க யாரு பெருக்கி வச்சிருப்பா?"

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"மொதல் வாரமே சொன்னேன். 'உங்க வேலையப் பாருங்கக்கா'ன்னுட்டீங்க."

கைப்பையிலிருந்த கடிதம் கனத்தது. எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"நம்ம பூச்சி ஜெயிச்சிடுச்சுக்கா. உங்களாலதான். ரொம்ப நன்றி."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நன்றிய நான்தான் சொல்லணும் மேடம். கட்டடம் இடிஞ்சப்ப என் வீட்டுக்காரரு நாலு நாள் உள்ள கெடந்தாரு. இனிமே யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேணாம் இல்ல?"