ஏன் வரவில்லை என்று கேட்கவும்

ஆறரைக்கு ரெய்டு. ஆறு ஐம்பதாகியும் ஒத்தக்கொம்பன் வரவில்லை.

மீதி ஒன்பது பேரும் கோட்டை வாசலில் நின்றார்கள். ஃபோன் விளையாட்டின் திரையில் ஒன்பது சின்ன உருவங்கள், ஆளுக்கொரு வாள், வில், தடி. உள்ளே இருக்கும் அரக்கனைச் சாய்க்கப் பத்துப் பேர் வேண்டும். அதிலும் கேடயம் பிடித்து முன்னால் நிற்கிறவன் இல்லாமல் போனால் இரண்டே நிமிடத்தில் அத்தனை பேரும் செத்து விழ வேண்டியதுதான். அந்தக் கேடயக்காரன்தான் ஒத்தக்கொம்பன்.

மேக்ஸ்வெல் ஓசூரில் தன் வீட்டு சோபாவில், ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். காதில் இயர்போன். மனைவி ரெனிட்டா வைத்துவிட்டுப் போன டீ பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

இந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன். கேப்டன் என்று கூப்பிடுவார்கள். யாருடைய நிஜப் பெயரும் யாருக்கும் தெரியாது. மூன்று வருடமாகக் குரல்கள் மட்டும்தான். எல்லோரும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் என்பது பேச்சிலேயே தெரியும். அரக்கன் அடித்தால் கன்னடத்தில் வைவார்கள், தெலுங்கில் வைவார்கள்.

"தூக்கிடுங்க கேப்டன். என்கிட்ட வேற ஆள் ரெடியா இருக்கறான்" என்றான் தக்காளிராஜா. ராயக்கோட்டைக்காரன்.

"முதல்ல கேக்கணும்" என்றான் மேக்ஸ்வெல்.

குழுவின் விதிகளை எழுதியவன் அவன். பத்து நிமிடம் முன்னால் வர வேண்டும். சண்டை நடக்கும்போது ஒருவர்தான் பேச வேண்டும். தோற்றால் யாரையும் திட்டக் கூடாது. சொல்லாமல் வராதவனை நீக்கலாம், ஆனால் ஏன் வரவில்லை என்று முதலில் அவனைக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதி பிறகு சேர்த்தது. வராத ஒருவனை ஒரு தடவை நீக்கிவிட்டார்கள். அவன் கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு மேக்ஸ்வெல்லுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழு மணிக்கு ஒத்தக்கொம்பனின் உருவம் வாசலில் வந்து நின்றது. மைக்கில் பஸ் சத்தம்.

"மன்னிச்சிருங்க எல்லாரும்."

"என்ன ஆச்சுப்பா?" என்று கேட்டான் மேக்ஸ்வெல்.



"காலைல ஷிப்டுக்குப் போயி கேட்டுல கார்டு வெச்சன் கேப்டன். சிவப்பு லைட்டு எரிஞ்சிது. துடைச்சிட்டு மறுபடி வெச்சன். மறுபடி சிவப்பு. கம்பெனில போயி கேட்டா காண்ட்ராக்ட் ஆபீஸ்ல கேளுங்கறாங்க. அங்க போனா கம்பெனில கேளுங்கறாங்க. இவ்வளவு நேரம் அலைஞ்சன். வேல இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போகட்டும். ஏன்னு ஒருத்தரும் வாயத் திறக்கலீங்க."

எந்தக் கம்பெனி என்று தக்காளிராஜா கேட்டான். ஒத்தக்கொம்பன் பெயரைச் சொன்னான்.

மேக்ஸ்வெல் தன் மைக்கை அணைத்தான். அவன் சட்டைப் பையின் மேல் தைத்திருந்ததும் அதே பெயர்தான். திரையில் பத்து உருவங்கள் மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மறுபடி மைக்கைப் போட்டான்.

"ஆடறயா, இல்ல இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

"ஆடலாம் கேப்டன். வீட்டுக்குப் போயி என்ன சொல்றதுன்னு தெரியல. பஸ்ஸு போற வரைக்கும் ஆடலாம்."

உள்ளே போனார்கள். அன்றைக்கு ஒருவரும் கூச்சல் போடவில்லை. இடது, வலது, பின்னால் வா என்று மேக்ஸ்வெல்லின் குரல் மட்டும் வந்தது. ஒத்தக்கொம்பன் ஒரு அடிகூடப் பின்வாங்காமல் எல்லா அடியையும் கேடயத்தில் வாங்கிக்கொண்டு நின்றான். இருபது நிமிடத்தில் அரக்கன் சாய்ந்தான். அவர்கள் ஆடியதிலேயே குறைந்த நேரம் அதுதான்.

கிடைத்த தங்கக் கேடயத்தை மேக்ஸ்வெல் அவனுக்குக் கொடுத்தான். யாரும் பங்கு கேட்கவில்லை.

"கேடயத்துக்கு இல்ல கேப்டன்" என்றான் ஒத்தக்கொம்பன். "என்ன ஆச்சுன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்குத் தேங்க்ஸ். இன்னிக்கு நீங்க ஒருத்தருதான் கேட்டீங்க."

அவன் இறங்க வேண்டிய இடம் வந்திருக்க வேண்டும். குரல் அறுந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மேக்ஸ்வெல் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

மேனேஜரின் மெயில் வந்திருந்தது. நேற்று இதே நேரத்துக்கு வந்ததைப் போலவே ஒரு பட்டியல். நாளைக் காலை முதல் கேட்டில் எந்தெந்தக் கார்டுகள் வேலை செய்யக் கூடாது என்பது. மனிதவளப் பிரிவிலிருந்து அவன் அதை எட்டு மணிக்குள் செக்யூரிட்டிக்கு அனுப்ப வேண்டும்.

நேற்று நாற்பத்தொரு பேர். பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியிருந்தான்.

இன்று முப்பத்தெட்டுப் பேர். முதல் பெயரிலிருந்து படித்தான். நல்லுசாமி. செல்லி. ஜெபமணி. கோவிந்தன். பவளம். கடைசி வரை படித்துவிட்டு மறுபடி மேலே போனான்.

குழுவில் மீதி எட்டுப் பேரின் குரலும் அவனுக்கு நன்றாகத் தெரியும். இருட்டில் கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவான். எந்தக் குரலுக்கு எந்தப் பெயர் என்றுதான் தெரியவில்லை.

எட்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது பட்டியலை அனுப்பினான்.