வாசல் வாழை

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் மலையில் பிடித்த தீ கல்யாண வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தரிசு வரை இறங்கிவிட்டது. பந்தல் முழுக்கக் காய்ந்த ஓலை. அந்த ஊரில் தீயைப் பச்சைத் தழையால் அடித்துத்தான் அணைப்பார்கள். அந்தக் கோடையில் பச்சையாக இருந்தது பந்தல் வாசலில் கட்டிய இரண்டு வாழைமரங்கள் மட்டும்தான். கல்யாணப்பெண் அழகுராணி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இலையோடு மட்டைகளை வெட்டினாள். "வாசல் வாழையப் போய் வெட்டுறியேடி" என்று அம்மா திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். அவள் கையிலும் ஒரு மட்டை இருந்தது.

புகைக்குள் மாப்பிள்ளை வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கி, வேன் முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து அழகுராணி பக்கத்தில் நின்று அடித்தான். "தரையோட அடிங்க. ஓங்கி அடிச்சா பொறி பறக்கும்" என்றாள். அவனிடம் அவள் நேரில் பேசிய முதல் பேச்சு அது. "சரிங்க" என்றான்.

தீ அடங்கியபோது முகம் கழுவக்கூட நேரமில்லை. கரி பூசிய முகத்தோடு இருவரும் மணையில் உட்கார்ந்தார்கள். ஐயர் ஓமகுண்டத்தில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். குப்பென்று பற்றியது. இருவர் கைகளும் ஒரே நேரத்தில் பக்கத்தில் மட்டையைத் தேடின.