நிலவறையில் வைத்த ரசம்

"ஒருவர்கூட விடுபடவில்லை" என்று பேச்சை முடித்தார்.

பல்கலைக்கழக அரங்கில் கைதட்டல் எழுந்தது. அவருக்கு அது பழகிப்போன கைதட்டல்தான்.

அவர் வெளியுறவு அமைச்சகத்தில் மூத்த அதிகாரி. போர் தொடங்கியதிலிருந்து ஊர் ஊராகப் போய் மாணவர்களிடம் இதையே பேசுகிறார். நாம் எந்தப் பக்கமும் இல்லை. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். குண்டு விழத் தொடங்கியதும் அந்த நகரத்திலிருந்து நம் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி எல்லை தாண்டச் செய்தோம்.

நகரத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். மைக் சரியில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அங்கேதான் தூதரகத்தில் மூன்று வருடம் இருந்தார்.

அங்கேதான் அவள் இருக்கிறாள்.

இருக்கிறாளா?

தெரியவில்லை. அவள் கைப்பேசிக்கு மணியே போவதில்லை.

வெளிநாட்டுப் பெண்ணை மணக்க இந்த வேலையில் இருப்பவர்கள் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மாற்றல் வந்துவிட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"நஸ்ரின், சுருக்கமா கேளும்மா" என்றார் துறைத்தலைவர்.

அந்த நகரத்தில் மருத்துவம் படிக்கப் போனவள். போர் துரத்தியதில் திரும்பி வந்து இங்கே விலங்கியலில் சேர்ந்திருக்கிறாள்.

"கேள்வி இல்ல சார். நாங்க பங்கர்ல கெடந்தப்ப அந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க ரசம் வச்சுக் குடுத்தாங்க. நம்ம ரசம் சார். கொத்தமல்லிக்குப் பதிலா ஏதோ ஒரு கீரை, சோம்பு வாசம் அடிக்கும். எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா சிரிப்பாங்க."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஊர்ச் சந்தையில் கொத்தமல்லி கிடைக்காது. சதகுப்பைக் கீரைதான் கிடைக்கும். அதைக் கிள்ளிப் போட்டுப் பார் என்று ஒரு குளிர்காலத்தில் அவளிடம் சொன்னது அவர்தான்.

"பஸ் வரைக்கும் அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு சீட்டு காலியா இருந்துச்சு சார். நம்ம நாட்டு பாஸ்போர்ட் இருந்தாத்தான் ஏத்தணும்னு ஆர்டர்னுட்டாங்க. அந்தம்மா திரும்பி நடந்து போயிட்டாங்க."

நஸ்ரின் உட்காரவில்லை.

அந்த உத்தரவை எழுதியவர் அவர்.

துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓரமாக ஒருவர் பொன்னாடையைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

இதற்கு ஒரு பதில் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். வேறு எந்த நிலைப்பாடும் அவரிடம் இல்லை.

மைக்கை நெருங்கினார்.

"மிளகு சரியா இருந்துச்சாம்மா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நஸ்ரின் சிரிக்கவில்லை.

"ரொம்ப அதிகம் சார். கண்ணுல தண்ணியே வந்துரும். ஆனா அவங்க நம்ம மொகத்தையே பாத்துட்டு நிப்பாங்களா... யாருமே சொல்லல."

அவர் தலையாட்டினார்.

மூன்று வருடம். அவரும் சொன்னதில்லை.