விருப்பப் பாடம்

படிவத்தில் மூன்று டிக்குகள் சரியாக இருந்தன.

நான்காவது அவள் கேட்டதே இல்லை.

மருத்துவமனை நிர்வாகம்.

அதற்கு நேர் மேலே இருந்த கட்டம் காலி. நோய்ப்பரவல் விசாரணை. அதைத்தான் கேட்டிருந்தாள். போன வாரம் மெயிலில். அதற்கு முன் நேரில், இரண்டு முறை. இரண்டு முறையும் டாக்டர் மனோகரன் "பாப்போம், பாப்போம்" என்று தலையாட்டியிருந்தார்.

பொது சுகாதார முதுகலைப் படிப்பில் இது அவர் வைத்த வழக்கம். இரண்டாம் செமஸ்டரில் யார் எதைப் படிக்கலாம் என்று பென்சிலில் லேசாக டிக் போட்டுத் தருவார். மாணவர்கள் அதன் மேல் பேனாவை ஓட்டுவார்கள். பென்சிலை அழித்துவிட்டுக் கொண்டுபோனால் கையெழுத்து.

"சாய்ஸ் எப்பவும் உங்களுதா இருக்கணும்" என்பார்.

வராந்தா பெஞ்சில் பதினாறு பேர் பேனா ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் ஜெனிபா. நாகர்கோவில்காரி. அறைத்தோழி.

"ஏட்டி, என்னத்த அப்படி மொறச்சுப் பாக்க? எழுதிக் குடுத்துட்டு வா. மெஸ்ல சிக்கன் தீந்துரும்."

"நான் கேட்டது இது இல்லடி."

"நான் மட்டும் கேட்டேனாக்கும்? எனக்குப் பூச்சியியல் போட்டுருக்காரு. கொசுவக் கண்டாலே போர்வைக்குள்ள பூந்துருவேன் நான்."

இருக்கலாம். எல்லோருக்கும் இப்படித்தான் வாய்க்கிறது போல.

படிவத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தாள்.

காலிக் கட்டம் முழுக்கக் காலி இல்லை. வெளிச்சத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. டிக் வடிவத்தில்.

போட்டிருக்கிறார். அப்புறம் அழித்திருக்கிறார்.

ஜெனிபாவின் படிவத்தை வாங்கி அதையும் சாய்த்தாள். எதிர்ப் பெஞ்சில் இருந்தவனுடையதையும் வாங்கினாள்.

எதிலும் அழித்த தடம் இல்லை.

"கள்ள நோட்டா பாக்க?" என்றாள் ஜெனிபா.

அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பாடத்தில் மாணவர்களுக்கு ஒரு பெட்டி தருவார்கள். ஏதோ ஓர் ஊரில் முன்பு நோய் பரவியபோது விசாரணைக் குழு சேகரித்த அசல் காகிதங்கள் எல்லாம் அதில் இருக்கும். நோயாளிகள் பட்டியல். தண்ணீர்ச் சோதனைப் பதிவேடுகள். நோய் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வருடப் பெட்டி மேட்டுக்கரடு. மஞ்சள் காமாலை, நாற்பத்தொரு பேர். நோட்டீஸ் போர்டில் ஒரு மாதமாக ஒட்டியிருக்கிறது.

அந்த விசாரணைக் குழுவின் தலைவர் டாக்டர் மனோகரன்.

அவருடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. கிராம சுகாதார செவிலியர் குடிநீரில் குளோரினைச் சோதிக்கவில்லை. பதிவேடு எதுவும் பராமரிக்கவில்லை.

அந்தச் செவிலியர் பதினொரு மாதமாகத் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறார். பதிவேட்டைக் குழுவே வந்து வாங்கிக்கொண்டு போனது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். இப்போது யாரும் கேட்பதில்லை.

அவளுடைய அம்மா.

இங்கே யாருக்கும் தெரியாது. ஜெனிபாவுக்குக்கூட. சேர்க்கைப் படிவத்தில் அம்மாவின் பெயரைக் கேட்கவில்லை; தொழில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். விலாசம் சித்தப்பா வீட்டு விலாசம்.

காலையில் அம்மா போன் செய்திருந்தார்.

"அந்தப் பதிவேடு பிரவுன் அட்டை நோட்டுடி. உன் ஸ்கூல் லேபிள் ஒண்ணு மிச்சம் கெடந்துச்சு, அதத்தான் ஒட்டியிருப்பேன். உன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதியிருப்பேன். பெட்டியத் தொறந்ததும் தெரிஞ்சிரும் உனக்கு."

எழுந்து டாக்டர் மனோகரனின் அறைக்குப் போனாள்.

"சார், விசாரணைப் பேப்பர் கேட்டிருந்தேன்."

டாக்டர் மனோகரன் நிமிரவில்லை. யாருடைய படிவத்திலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல அலைச்சல் ஜாஸ்திம்மா. நிர்வாகம்னா முடிச்ச உடனே வேலை. அம்மா சம்பளமும் இல்லாம, உங்க வீட்டு நெலமைக்கு அதான் சரி."



"எங்கம்மா வேலைக்குப் போனாங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

பேனா நின்றது.

"பொதுவா சொன்னேம்மா."

பொதுவாக.

இளவெயினி என்ற அவள் பெயரும் தனபாக்கியம் என்ற அம்மாவின் பெயரும் சேர்ந்து இருக்கும் இடம் இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஒரு லேபிள். ஒரு பிரவுன் அட்டை.

அப்படியென்றால் நோட்டு இருக்கிறது.

நின்றபடியே படிவத்தை அவர் மேஜையில் வைத்தாள். காலிக் கட்டத்தில் பேனாவால் டிக் போட்டாள். அவர் கண் முன்னால், அவருடைய ரப்பராலேயே, மருத்துவமனை நிர்வாகத்தை அழித்தாள்.

படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். மறுப்பு இல்லை, கோபம் இல்லை. சண்டைக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் சொல்லாமலே மிஞ்சின. ஒரு நொடி தன் மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்தாள்.

"ஒரு விஷயம்மா."

திரும்பினாள்.

"மேட்டுக்கரடு பெட்டி இந்த வருஷம் கெடையாது. வேற மாவட்டத்துப் பெட்டி குடுக்கிறதா முடிவாயிடுச்சு."

"எப்ப சார் முடிவாச்சு?"

டாக்டர் மனோகரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.